திரும்பக் கட்டின நகரம் பழைய நகரம் ஆகுமா? வார்சோவைப் பற்றி ஒரு கேள்வி

வாசிகசாலை அக்கா (தருமபுரம்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசிகசாலையில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஒன்பதாம் பத்தாம் தரப் பிள்ளைகளை இருத்தி உலக நகரங்களைப் பற்றிக் கதைக்கிறோம். பரீட்சைக்காக இல்லை, பிள்ளைகள் ஊரை விட்டு வெளியே உள்ளதையும் கொஞ்சம் அறியட்டும் என்றுதான். ஒரு கிழமைக்கு ஒரு நகரம். ரோம், பாரிஸ், வியன்னா முடிந்துவிட்டது, அவை சுலபம், ரோம் என்றால் கொலோசியம், பாரிஸ் என்றால் ஈபிள் கோபுரம், ஒரு படத்தைக் காட்டினால் பிள்ளைகளே மிச்சத்தைக் கேட்டு வாங்கிவிடுவார்கள்.

போன ஞாயிறு போலந்தின் தலைநகரம் வார்சோ. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வார்சோவின் பழைய நகரப் பகுதி 1980 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது என்றும், இரண்டாம் உலகப் போரில் அந்தப் பகுதியில் 85 வீதத்துக்கும் மேல் அழிந்து போய்ப் பிறகு திரும்பக் கட்டினார்கள் என்றும் சொன்னேன். உடனே முன்வரிசையில் இருந்த ஒரு பெடியன் எழும்பி, "அப்ப அது பழைய நகரம் இல்லைத்தானே அக்கா, பழசு மாதிரிக் கட்டின புது நகரம்தானே, அதுக்கு ஏன் மரபுரிமை என்று பேர்?" என்று கேட்டான். நான் யோசித்து முடிக்கிறதுக்குள் பின்னால் இருந்த ஒரு பிள்ளை, "எங்கட வீட்டையும் அப்படியே பழைய மாதிரிக் கட்டியிருக்கலாமே, ஏன் கட்டவில்லை?" என்று கேட்டாள். அவள் அந்தப் பழைய வீட்டைக் கண்டதே இல்லை, அவள் பிறக்க முதலே அது போய்விட்டது. அவளின் அம்மம்மா சொல்லிச் சொல்லி, விறாந்தையில் எத்தனை தூண் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும்.

இரண்டுக்கும் அடுத்த கிழமை பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வார்சோவை மற்றத் தலைநகரங்களிலிருந்து வேறுபடுத்துவது என்ன? அழிந்ததும் கட்டினதும் மட்டும்தானா? அங்கே இருந்தவர்கள், போய்ப் பார்த்தவர்கள், படித்தவர்கள் சொல்லுங்கள். நீளமாக எழுதினாலும் பரவாயில்லை, நான் இருந்து வாசிப்பேன்.

*

வாய்க்கால்கரை (இப்போது வார்சோவில்)

அக்கா, நான் வட்டக்கச்சி. இங்கே படிக்க வந்து, பிறகு வேலையும் எடுத்து ஆறு வருடமாகிறது. அந்தப் பெடியன் கேட்டதைத்தான் நானும் வந்த புதிதில் கேட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய நகரச் சதுக்கத்தின் நடுவில் நின்று பார்த்தால் சுற்றிவர ஒடுங்கின மாடி வீடுகள், தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்கும். காவி, மஞ்சள், இளம்பச்சை என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். சில சுவர்களில் ஈரச் சாந்தைச் சுரண்டிப் போட்ட சித்திரங்கள். எல்லாம் முந்நூறு வருடப் பழசு என்றுதான் கண் சொல்லும். ஆனால் அந்தச் சதுக்கத்தைத் திறந்து வைத்தது 1953 ஜூலை 22 இல். எங்கள் தாத்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

நடந்தது இதுதான். 1944 ஓகஸ்ட் 1, மாலை ஐந்து மணிக்கு வார்சோ மக்கள் ஜேர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிராக எழுந்தார்கள். 63 நாட்கள் தாக்குப் பிடித்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்துப் போனார்கள். சரணடைந்த பிறகு மிச்சம் இருந்த சனம் முழுவதையும் நகரத்தை விட்டு வெளியே துரத்தினார்கள். அதுக்குப் பிறகுதான் பெரிய அழிவு, சண்டை முடிந்த பிறகு. ஆளில்லாத நகரத்துக்குள் தீ வைக்கவும் வெடி வைக்கவும் தனிப் பிரிவுகளை இறக்கி, தெருத் தெருவாக, ஒரு வேலைத்திட்டம் மாதிரிச் செய்தார்கள். அரச மாளிகையின் சுவர்களில் வெடி வைக்க 1939 இன் கடைசியிலேயே துளை போட்டு வைத்திருந்தார்கள், 1944 இல் தகர்த்தார்கள். 1945 ஜனவரி 17 இல் சோவியத் படையும் போலந்துப் படையும் உள்ளே வந்தபோது ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தது கற்குவியல்.

தலைநகரத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடலாமா என்றுகூடக் கதை வந்தது. மாற்றவில்லை. பெப்ரவரியிலேயே தலைநகர மீள்கட்டுமான அலுவலகம் என்று ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள், போர் இன்னும் முடியவில்லை, பேர்லின் விழவே இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆட்கள் துணிந்து கட்டினார்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான், ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது வேறு விஷயம். இந்த நகரம் அழியப் போகிறது என்று தெரிந்த ஆட்கள், அழிய முதலே அதை அளந்து வைத்தார்கள். வார்சோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பேராசிரியர்களும் மாணவர்களும் போருக்கு முன்னர் பழைய கட்டடங்களை ஒவ்வொன்றாக அளந்து வரைந்திருந்தார்கள். ஜன்னல் எத்தனை அகலம், படி எத்தனை உயரம், வாசல் வளைவு எப்படி. பல்கலைக்கழகத்தை மூடி வைத்திருந்த ஆக்கிரமிப்புக் காலத்திலும் அந்த வேலை ஒளிச்சு நடந்தது. எழுச்சி தோற்ற பிறகு அந்த வரைபடங்களை நகரத்துக்கு வெளியே கடத்தி, பியோத்ர்கூவ் என்ற ஊரில் ஒரு துறவிமடத்தில் மறைத்து வைத்தார்கள். நகரம் எரிந்தது, காகிதம் தப்பியது. 1945 இல் அந்தக் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு கட்டத் தொடங்கினார்கள்.

இன்னொன்று, பெர்னார்டோ பெல்லோட்டோ என்ற வெனிஸ் ஓவியர். 1767 இல் வார்சோவுக்கு வந்தவர், அரசர் ஸ்தனிஸ்வாவ் ஒகுஸ்துக்காக நகரத்தின் தெருக்களைப் பெரிய பெரிய படங்களாக வரைந்தவர். குதிரை வண்டி, சந்தைக்காரப் பெண்கள், நாய், ஒவ்வொரு வீட்டின் ஜன்னல் சட்டம்கூடத் தெரியும். கிராகோவ்ஸ்கியே ப்ரெட்மிஷ்சே என்ற பெரிய வீதியைத் திரும்பக் கட்டும்போது அந்தப் படங்களையும் பார்த்துக் கட்டினார்கள். படங்கள் இப்போது திரும்பக் கட்டின அரச மாளிகையில் ஒரு மண்டபம் முழுக்கத் தொங்குகின்றன. படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அதே தெருவில் நடக்கலாம், ஐந்து நிமிட நடை. நான் நடந்திருக்கிறேன்.

மாளிகைக்கு முன்னால் உயரமான தூண், அதன் உச்சியில் மூன்றாம் சிகிஸ்முந்து அரசர், கிராகோவிலிருந்து தலைநகரத்தை இங்கே கொண்டு வந்தவர். மகன் 1644 இல் எழுப்பினது. 1944 செப்டெம்பரில் விழுத்தினார்கள், சிலை தப்பியது, 1949 இல் புதுத் தூணில் திரும்ப ஏற்றினார்கள். பழைய தூணின் துண்டுகளை எறியவில்லை, மாளிகைப் பக்கத்தில் புல்லுக்கு மேலே கிடத்தியிருக்கிறார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கிதான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட பஸ்ஸில் போகும்போது தினமும் பார்த்தது.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் 1, மாலை ஐந்து மணிக்கு நகரம் முழுக்க சைரன் ஊதும். பஸ், டிராம், கார், நடக்கிற ஆட்கள் எல்லாம் ஒரு நிமிடம் நின்றுவிடும். எனக்கு முதல் வருடம் இது தெரியாது. கடையில் பாண் வாங்கிக்கொண்டு வீதிக்கு வந்தேன், முன்னால் சைக்கிளில் வந்த ஒரு பெண் இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நானும் நின்றேன். சைரன் சத்தம் எங்களுக்கு வேறு ஞாபகங்களைக் கொண்டு வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சத்தம் ஓய்ந்ததும் அந்தப் பெண் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நான் கனநேரம் அங்கேயே நின்றேன்.

*

கல்பாலம்

தனித்துவம் என்று கேட்டால் நான் பிராக் நகரத்தைத்தான் சொல்வேன். 1357 இல் தொடங்கின சார்ல்ஸ் பாலம் இன்னும் நிற்கிறது, பழைய நகர மண்டபச் சுவரில் 1410 இல் வைத்த வானியல் மணிக்கூடு இன்றைக்கும் ஓடுகிறது. அழியாமல் மிஞ்சின நகரத்துக்கும் ஒரு மதிப்பு உண்டுதானே? பிள்ளைகளுக்கு அழிவுக் கதை மட்டும் சொல்லாமல், தப்பின கதையையும் சொல்லுங்கள் அக்கா.

*

முல்லைக் கரை

நான் வேறு ஒரு நகரத்தைச் சொல்ல வந்தேன், ஏனென்றால் உங்கள் இரண்டாவது பிள்ளையின் கேள்விக்கு, "ஏன் பழைய மாதிரியே கட்டவில்லை" என்றதுக்கு, வார்சோவை விட லிஸ்பன் நல்ல பதில் என்று நினைக்கிறேன். அண்ணா அங்கே இருக்கிறார், 2019 இல் போய் மூன்று கிழமை நின்றேன்.

1755 நவம்பர் 1, சகல புனிதர்களின் திருநாள், காலைப் பூசை நேரம், கோயில்கள் நிறையச் சனம், எரிகிற மெழுகுதிரிகள். அந்த நேரத்தில் நிலம் ஆடியது. தப்பின ஆட்கள் வெட்டவெளி என்று ஆற்றங்கரைக்கு ஓடினார்கள், அங்கே கடல் முதலில் உள்வாங்கி, பிறகு எழும்பி வந்தது. மிச்சத்தைப் பல நாட்கள் எரிந்த நெருப்பு கொண்டு போனது. எனக்கு இதை அண்ணா ஆற்றங்கரையில் நின்று சொன்னபோது உடம்பு கூசிவிட்டது. 2004 டிசெம்பர் 26 உம் ஒரு ஞாயிறு, முழுமதி நாள், நத்தாருக்கு அடுத்த நாள் காலை, எங்கள் கரையிலும் கடல் அப்படித்தான் வந்தது. நாங்கள் இழந்தவர்களைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

லிஸ்பனில் என்ன செய்தார்கள் என்றால், மனுவெல் ட மாயா என்று ஒரு தலைமைப் பொறியியலாளர், எழுபது வயது தாண்டினவர், பல வழிகளை எழுதி அரசாங்கத்திடம் கொடுத்தார். இருந்தது மாதிரியே கட்டலாம், தெருக்களை மட்டும் அகலமாக்கிக் கட்டலாம், எல்லாவற்றையும் தட்டையாக்கிப் புதுசாகவே போடலாம், அல்லது தலைநகரத்தை வேறு இடத்துக்கே நகர்த்தலாம். பொம்பால் என்ற அமைச்சர் புதுசாகப் போடுகிற வழியைப் பிடித்தார். அளவை முடியும்வரை யாரும் தன் பாட்டில் கட்டக்கூடாது என்று கட்டளை. இப்போது பைய்ஷா என்கிற அந்தக் கீழ் நகரத்தில் தெருக்கள் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேராகப் போகும், தங்கத் தெரு, வெள்ளித் தெரு என்று தொழிலின் பெயரில் தெருக்கள் உண்டு. சுவருக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் கோத்து ஒரு கூடு செய்து வைத்தார்கள், கூடு என்றே அதற்குப் பெயர். நிலம் ஆடினால் மரம் வளைந்து கொடுக்கும், சுவர் உதிர்ந்தாலும் கூடு நிற்கும் என்று கணக்கு. அதன் மாதிரி ஒன்றைச் செய்து வைத்துச் சுற்றிவரப் படையினரை அணிநடை போடவைத்து ஆட்டிப் பார்த்ததாகச் சொல்வார்கள்.

ஆனால் கார்மோ என்ற மடத்துக் கோயிலுக்குக் கூரையை இன்றுவரை மூடவில்லை. வளைவுகள் மட்டும் வானத்துக்கு நிற்கின்றன, உள்ளே மழை பெய்கிறது, தரையில் புல். ஒரு பக்கம் முழுக்கப் புதுசு, ஒரு பக்கம் திறந்த காயம் மாதிரி அப்படியே, அதுக்கு மேலே மலைச்சரிவில் அல்ஃபாமா என்ற பகுதி பூமியதிர்ச்சிக்குத் தப்பிப் பழைய வளைந்த ஒழுங்கைகளோடு. மூன்றையும் ஒரே நாளில் நடந்து பார்க்கலாம். அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள், பழைய மாதிரியே கட்டுவது ஒரு வழி, இனி இப்படி நடக்கக்கூடாது என்று வேறு மாதிரிக் கட்டுவது இன்னொரு வழி. எங்கள் அப்பா கடலுக்கு முந்நூறு மீற்றர் தள்ளி, மேட்டில், புதுசாகத்தான் கட்டினார். பழைய வீட்டை விட வடிவு குறைவு. நான் அதில் நிம்மதியாகப் படுக்கிறேன்.

*

ஓய்வுபெற்ற ரீச்சர் (மல்லாவி)

பிள்ளைகள் எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். வரலாறு படிப்பித்தவள் என்பதால் இரண்டு விஷயம் சேர்க்கிறேன், ஒன்று கொஞ்சம் கசப்பானது.

முதலாவது, அந்தப் பெடியன் கேட்டதில் நியாயம் இருக்கிறது, அதை மூடி மறைக்க வேண்டாம். வார்சோவில் அப்படியே கட்டினார்கள் என்று சொல்வது முழுக்கச் சரியில்லை, தெரிந்தெடுத்துக் கட்டினார்கள். புனித யோவான் பேராலயத்துக்குப் போருக்கு முன்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைத்த முகப்பு இருந்தது, ஆங்கிலேய கோதிக் பாணி. திரும்பக் கட்டும்போது அதை விட்டுவிட்டு, அதுக்கும் பல நூற்றாண்டு முன்னைய அந்த வட்டாரத்துச் செங்கல் கோதிக் பாணியை யோசித்து, கட்டடக்கலைஞர் யான் சஹ்வதோவிச் வேறு முகப்பு வரைந்தார். வீடுகளின் பின்முற்றங்களில் நெருக்கியடித்து நின்ற பிற்காலக் கட்டடங்கள் பலவற்றையும் திரும்பக் கட்டவில்லை, வெளிச்சம் வரட்டும் என்று விட்டார்கள். வெளியே பழைய சுவர், உள்ளே குளியலறையோடு புதுக் குடியிருப்பு. எதை ஞாபகம் வைக்க வேண்டும் என்று ஆட்கள் தேர்ந்தெடுத்த நகரம் அது. ஆனால் அதனால் அது பொய் ஆகுமா? அந்தப் பெடியனிடம் யாழ்ப்பாண நூலகத்தைக் கேளுங்கள். 1981 இல் எரிந்தது, 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டினார்கள். வெள்ளைச் சுவரையும் குவிமாடத்தையும் பார்த்து யாராவது இது போலி என்று சொல்கிறார்களா? போன சுவடி போனதுதான், அதைக் கட்ட முடியாது. ஆனால் கட்டடம் அங்கே அதே வடிவத்தில் நிற்பதால்தான், உள்ளே எது இல்லை என்று எங்களால் சொல்ல முடிகிறது.

இரண்டாவது, வார்சோவைப் பற்றிப் பேசும்போது மீளக் கட்டாத பகுதியையும் சொல்ல வேண்டும். போருக்கு முன்னர் அந்த நகரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் யூதர். 1940 இல் அவர்களை ஒரு மதிலுக்குள் அடைத்தார்கள், நாலு லட்சத்துக்கும் மேல். 1942 கோடையில் ரயில் ரயிலாக ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டு போனார்கள். 1943 ஏப்ரல் 19 இல் மிஞ்சினவர்கள் எதிர்த்து நின்றார்கள், அதற்குப் பிறகு அந்தப் பகுதி முழுவதையும் தரைமட்டமாக்கினார்கள். அந்தத் தெருக்களை யாரும் பழையபடி கட்டவில்லை, கட்டிக் குடியிருக்க அந்த ஆட்கள் இல்லை.

ஆனால் அவர்களும் காகிதம் வைத்தார்கள். எமானுவேல் ரிங்கெல்பிளம் என்ற வரலாற்றாசிரியர் மதிலுக்குள்ளேயே ஒரு கூட்டத்தைச் சேர்த்து, ஒளித்து, எல்லாவற்றையும் திரட்டினார். நாட்குறிப்பு, பங்கீட்டு அட்டை, சுவரொட்டி, பிள்ளைகளின் கட்டுரை, டிராம் ரிக்கற், இனிப்பு சுற்றின தாள்கூட. தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் போட்டு நிலவறைக்குள் புதைத்தார்கள். அவரும் அந்தக் கூட்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் கொல்லப்பட்டார்கள், இடம் தெரிந்த ஒருவர் தப்பியதால் 1946 இல் பெட்டிகளைத் தோண்டி எடுத்தார்கள், தண்ணீர் போய் ஊறியிருந்தது. பால் கேன்கள் 1950 இல் கிடைத்தன. மூன்றாவது பங்கு இன்னும் கிடைக்கவில்லை.

2009 இல் நாங்கள் வெளிக்கிட முதல் என் மாணவர்களின் புள்ளிப் பதிவேட்டையும் என் சான்றிதழ்களையும் இரட்டைப் பொலித்தீனில் சுற்றி மாமரத்துக்குக் கீழே தாட்டேன். 2010 இல் வந்து பார்த்தபோது மாமரமே இல்லை. இரண்டு நாள் தோண்டினேன். கிடைக்கவில்லை. அதனால் அந்தப் பால் கேன் கதையை வாசிக்கும்போது எனக்குக் கை நடுங்கும்.

*

மேசன் அண்ணை (புதுக்குடியிருப்பு)

ரீச்சர் சொன்ன அந்தப் பகுதியில்தான் இப்போது முரானூவ் என்ற குடியிருப்பு இருக்கிறது. இதைப் பற்றி ஒரு ஆவணப்படம் பார்த்தேன், தொழில் ஒன்று என்றபடியால் இரண்டு தடவை பார்த்தேன்.

அங்கே கற்குவியலை அள்ள முடியவில்லை, அவ்வளவு. அதனால் குவியலைச் சமப்படுத்தி அதுக்கு மேலேயே கட்டினார்கள். இன்றைக்கும் வீதியிலிருந்து படியேறித்தான் சில வீடுகளுக்குப் போகவேணும், அந்தத் திட்டிக்குக் கீழே இருப்பது பழைய வீடுகள். கட்டின கல்லும் அதே கல்லுத்தான், உடைந்த செங்கல்லை நொறுக்கி சீமெந்தோடு குழைத்து அரிந்த கல். பொஹ்தான் லாஹர்ட் என்பவர் வரைந்தது. முதலில் பூசாமல் செங்கல் நிறத்திலேயே விட்டார், இது என்ன கல் என்று பார்க்கிறவனுக்குத் தெரியட்டும் என்று. பிறகு வடிவில்லை என்று சொல்லி மேலே பூசிவிட்டார்கள். எனக்கு அந்த இடம் மனம் கேட்கவில்லை.

2010, 2011 இல் நானும் அதே வேலைதான் செய்தேன். சீமெந்துப் பை விலை, மணல் ஏற்றி வர வழியில்லை, சனம் தறப்பாளுக்குக் கீழே. உடைந்த வீடுகளில் செங்கல் பொறுக்கி, கத்தியால் பழைய சாந்தைத் தட்டித் தட்டி எடுப்போம். முழுக் கல் சுவருக்கு, அரைக் கல் மூலைக்கு, தூள் அத்திவாரத்துக்கு. ஒன்று சொல்கிறேன், செங்கல் தூளை அப்படியே குழைத்தால் அது சீமெந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும், கல் இரண்டு நாளில் உதிரும். முதல் நாளே நனைத்துப் போடவேணும். நாங்கள் இதை நட்டப்பட்டுத்தான் பழகினோம், முதல் அரிந்த நூறு கல்லும் பிழைத்தது. வார்சோக்காரருக்கும் யாரோ ஒருவர் சொல்லிக் கொடுத்திருப்பார்.

கல் போதாமல் வ்ரோட்ஸ்வாவ் மாதிரி வேறு ஊர்களில் கட்டடங்களை இடித்து, செங்கல்லை ரயிலில் ஏற்றி வார்சோவுக்குக் கொண்டு வந்தார்கள். அந்த ஊர்ச் சனத்துக்கு அது இன்னும் மனக்குறை. "முழு நாடும் தன் தலைநகரைக் கட்டுகிறது" என்பது அந்தக் காலச் சுலோகம். நல்ல சுலோகம். ஆனால் கல் கொடுத்த ஊரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் தங்கச்சி.

*

வாசிகசாலை அக்கா (தருமபுரம்)

எல்லோருக்கும் நன்றி. ரீச்சர், நீங்கள் எழுதினதை இரண்டு தடவை வாசித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

இந்த ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். வார்சோ, லிஸ்பன் இரண்டையும் சொன்னேன், கல் கொடுத்த ஊரையும் சொன்னேன் அண்ணை. பெடியன் யாழ்ப்பாண நூலகத்தைச் சொன்னவுடன் தலையை ஆட்டினான், ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப வாசலில் எந்த வருசம் கட்டினது என்று எழுதிப் போடவேணும்" என்றான். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

அந்தப் பிள்ளை வேறு ஒன்று கேட்டாள். அளந்து வைத்த காகிதத்தால்தான் கட்டினார்கள் என்றால், எங்கள் ஒழுங்கைக்கு யார் அளந்து வைத்திருக்கிறார்கள் என்று. யாரும் இல்லை. கொஞ்சப் பேரிடம் காணி உறுதி இருக்கிறது, அதில் எல்லை இருக்கும், வீடு இருக்காது. அதனால் அவளின் அம்மம்மாவை வாசிகசாலைக்குக் கூட்டி வந்தோம். கணக்குக் கொப்பியின் நடுப்பக்கத்தைக் கழற்றி நாலு தாளை ஒட்டி, மதவடியிலிருந்து குளக்கட்டு வரைக்கும் ஒழுங்கையைக் கீறினோம். அம்மம்மாவுக்கு மீற்றர் தெரியாது, காலடிதான். "மதவடியிலிருந்து கடைக்கு நாற்பது காலடி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் ஐம்பது" என்றார். பெடியன் அவரை நடக்க வைத்து, அடிமட்டத்தால் ஒரு காலடியை அளந்து பெருக்கினான். பதினாலு வீடு வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் வாசல் எந்தப் பக்கம், கிணறு எங்கே, மாட்டுக் கொட்டில் எங்கே என்று குறித்தோம். பிறகு பக்கத்து வீட்டு ஐயா வந்தார், வந்தவுடன் சண்டை, புளியமரம் கிணற்றுக்கு மேற்கே என்று அவர், கிழக்கே என்று அம்மம்மா. இரண்டு இடத்திலும் பென்சிலால் புளி போட்டு வைத்திருக்கிறோம்.

வாய்க்கால்கரை, ஒரு கேள்வி. அந்த மாணவர்கள் வீடுகளை எப்படி அளந்து வரைந்தார்கள்? நாங்கள் செய்வது எல்லாம் மேலே இருந்து பார்க்கிற படம். வீட்டின் முகப்பை எப்படி வரைவது? பிள்ளைகள் அடுத்த கிழமை அதைத்தான் தொடங்க வேண்டும் என்று நிற்கிறார்கள்.

*

வாய்க்கால்கரை (இப்போது வார்சோவில்)

அக்கா, மூன்று படம் வேண்டும் ஒரு வீட்டுக்கு. மேலேயிருந்து பார்த்தால் தெரிகிற தரைப்படம், முன்னால் நின்று பார்த்தால் தெரிகிற முகப்பு, பிறகு வீட்டைக் கத்தியால் நெடுக்காக வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்ற வெட்டுமுகம். வெட்டுமுகம்தான் முக்கியம், கூரை எவ்வளவு உயரம், தரை எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அதில்தான் வரும். அம்மம்மாவிடம் உயரத்தை இப்படிக் கேளுங்கள்: விறாந்தைத் தூண் அவரின் தோளுக்கு மேலே எத்தனை சாண், வாசலில் தாத்தா குனிந்து நுழைந்தாரா நிமிர்ந்து நுழைந்தாரா, மழைக்குத் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் ஏறும். அளவு ஞாபகம் இல்லாதவர்களுக்கும் உடம்பு ஞாபகம் இருக்கும். புளியை இரண்டு இடத்திலும் வைத்தது சரி, அழிக்க வேண்டாம், பக்கத்தில் யார் சொன்னது என்று பெயரையும் திகதியையும் எழுதிவிடுங்கள்.

தாள்களைத் தனித்தனியே கைபேசியில் படமெடுத்து இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். ஒரு பிரதியை எனக்கும் அனுப்புங்கள், இங்கே வைத்திருக்கிறேன்.

*

ஓய்வுபெற்ற ரீச்சர் (மல்லாவி)

பிள்ளை, நான் 2004 இல் தருமபுரத்தில்தான் படிப்பித்தேன். மண்ணில் தாட்டது போனாலும் தங்கச்சி கனடாவுக்குப் போகும்போது கொண்டு போன படங்களில் விளையாட்டுப் போட்டிப் படம் இரண்டு இருக்கிறது. அஞ்சலோட்டம் ஓடுகிற பிள்ளைகளுக்குப் பின்னால் வேலியும், வேலிக்கு அங்கால் ஒரு ஓட்டு வீட்டின் முகப்பும், ஒரு பெரிய மரமும் தெரியும். புளியா வாகையா என்று எனக்கு இப்போது பார்க்கத் தெரியவில்லை. தங்கச்சிக்கு நேற்று இரவே சொல்லிவிட்டேன், சனிக்கிழமை ஸ்கேன் பண்ணி அனுப்புகிறாள். வந்தவுடன் உங்களுக்கு அனுப்புகிறேன், அம்மம்மாவுக்கும் அந்த ஐயாவுக்கும் தனித்தனியே காட்டுங்கள், ஒன்றாக இருத்திக் காட்ட வேண்டாம்.